திட்ட ஆளில்லாத சரக்கு

இப்போது சொன்னால் கேட்பாரா? மாட்டார். வாயில் கவளம் இருக்கிறது. மென்றுகொண்டிருக்கும்போது எதைக் கேட்டாலும் மாமா வேண்டாம் என்றுதான் சொல்வார்; வேண்டாம் என்பதற்குத் தலையை அசைத்தால் போதும், சரி என்பதற்கு வாயைத் திறக்க வேண்டும். கை கழுவியபின் சொல்லலாம். ஆனால் அப்போது பெரியத்தான் துண்டோடு பக்கத்தில் நிற்பார். பேச்சு அவரிடம் போகும், அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார், அத்தோடு முடிந்தது. சாயங்காலம் சொல்லலாம். சொல்வதற்கு ஏற்ற சாயங்காலம் இந்த வீட்டில் இதுவரை வந்ததில்லை.

சின்னவள், அந்த வீட்டின் இளைய மருமகள், கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு நின்றாள். தரை அதிர்ந்தது. கீழே பட்டறையில் அட்டைக்கு மடிப்புக் கோடு போடுகிற இயந்திரம் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மேலே அடுப்படியில் மூடிகள் மெல்லக் குலுங்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தத்துக்கு இடையில் பேசத் தெரியாமல் பாதிப் பேச்சிலேயே நிறுத்திவிடுவாள். இப்போது சத்தம் இறங்கும் இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டது.

கீழே அட்டைப்பெட்டிப் பட்டறை, மேலே வீடு, நடுவில் ஒரு மாடிப்படி. மற்றவர்கள் வேலைக்குப் போனால் ஒரு தெருவையாவது பார்ப்பார்கள். பஸ்ஸில் யாராவது காலை மிதிப்பார்கள், சண்டை போடலாம். இந்த வீட்டில் வேலைக்குப் போவதென்பது ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவது. கோபித்துக்கொண்டு கிளம்பினாலும் அதே படியில்தான் இறங்க வேண்டும். இறங்கினால் அங்கேயும் அவர்களே இருப்பார்கள்.

ஒவ்வொரு பெட்டியும் முதலில் ஒரு தட்டையான படம். எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது, ஒட்டுகிற மடல் எந்தப் பக்கம் என்று கம்ப்யூட்டரில் வரைந்தால், வெட்டும் மேசை அதைப் பார்த்து மாதிரி ஒன்றை வெட்டித் தரும். படம் போடுகிற சாப்ட்வேரை எப்போதோ பெரிய விலைக்கு வாங்கியிருந்தார்கள். அது திறக்க, விரல் நீளத்தில் ஒரு குச்சியைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். அதைச் சாவி என்பார்கள். சாவி ஒன்றே ஒன்றுதான். அது பெரியத்தானின், அதாவது அவள் கணவனுடைய அண்ணனின், சட்டைப்பையில் இருக்கும். அவர் பேங்குக்குப் போனால் சாவியும் பேங்குக்குப் போகும். மதியம் அவர் கண்ணயர்ந்தால் பெட்டிகளும் தூங்கும். பட்டறை ஆட்கள் அவருக்கே சாவி என்று பெயர் வைத்துவிட்டார்கள். “சாவி எழுந்திரிச்சாச்சா?” என்று படிக்கட்டைப் பார்த்துக் கேட்பார்கள்.

சின்னவள் படம் வரையப் படித்தவள். ‘கூடமாட இருக்கட்டும்’ என்று கீழே அனுப்பப்பட்டவள். அந்தச் சொல்லுக்கு நாற்காலி கிடையாது, சம்பளமும் கிடையாது. சாவி தூங்குகிற மதியங்களில், கணவனுடைய பழைய கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். அப்படித்தான் அந்த இன்னொரு சாப்ட்வேரைக் கண்டுபிடித்தாள்.

மாமா கை கழுவினார். துண்டோடு பெரியத்தான் நின்றார். அவள் சொல்லிவிட்டாள்.

“மாமா, படம் போடறதுக்கு வேற ஒண்ணு இருக்கு. சாவி வேண்டாம். எல்லாக் கம்ப்யூட்டர்லயும் போட்டுக்கலாம். உள்ள திறந்து பாத்து நமக்கு ஏத்த மாதிரி மாத்திக்கவும் செய்யலாம்.”

“என்ன விலை?”

“விலை இல்ல மாமா. சும்மாதான்.”

மாமா துண்டை வாங்காமல் அவளைப் பார்த்தார். “சும்மா குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறான்?”

“ஒருத்தர் இல்ல. நிறையப் பேரு சேந்து எழுதறாங்க. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் திருத்துவாங்க. எல்லாம் திறந்தே இருக்கும்.”

“முதலாளி யாரு?”

“முதலாளின்னு யாரும் இல்ல.”

“அப்ப சரக்கு கோளாறு பண்ணினா நான் யாரைத் திட்டறது?”

இது கேலியில்லை. அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. “இங்க பாரும்மா. நாம வருஷா வருஷம் பணம் கட்டறது சாப்ட்வேருக்கா? போன் போட்டாத் திட்டு வாங்கறதுக்கு எதிர்முனையில ஒரு ஆளு இருக்கானே, அதுக்கு.”

“போன தடவை நின்னுபோனப்ப அவ்வளவு திட்டினீங்களே மாமா, வந்து சரி பண்ணினாங்களா?”

அவள் கணவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருமினான்.

“வரல. ஆனா எனக்கு மனசு ஆறிச்சு.”

“அப்படின்னா என்னைத் திட்டுங்க மாமா.”

“உன்னைத் திட்டறதுக்கு எதுக்கும்மா ஒரு சாப்ட்வேரு?” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். பெரியத்தான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவளும்தான் சிரித்தாள். பாத்திரம் தேய்க்கும்போதுதான் அது உறைத்தது. அவர்கள் சிரித்ததை மன்னித்துவிடலாம். தான் சிரித்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. அட்டை தண்ணீர் குடிக்கிற சாதி. காற்றில் ஈரம் ஏறினாலே உப்பி, மடிப்பில் முறிந்து, பசை காயாமல் ஆளைப் படுத்தும். பட்டறை ஜன்னல்களையெல்லாம் சாத்தி, இடுக்குகளில் சாக்கைத் திணித்தார்கள். பசை வாடையும் ஈரக் காகித வாடையும் போக வழியின்றி மாடிப்படியேறி வீட்டுக்கு வந்து, தலையணைகளில் தங்கின. அந்த வாரத்தில்தான் பல்பு ஆலைக்காரர் ஒருவருடைய ஆர்டர் வந்தது. ஒரு புது வகை விளக்கு. மெல்லிய கண்ணாடி. ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டத்தில் நிற்கும்படி உள்ளே தடுப்பு வைத்த பெட்டி வேண்டும்.

அதே வாரத்தில் பெரியத்தானின் சட்டை, சாவியோடு துவைக்கப் போனது.

துவைத்தது அவருடைய மனைவி. சின்னவள் அவளை அக்கா என்பாள். துவைக்கிற இயந்திரத்துக்குள் ஏதோ கடகடவென்று உருண்டதைக் கேட்டு, சட்டைப் பொத்தான் என்று நினைத்திருக்கிறாள்.

“இத்தனை வருஷமா இந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பாத்தீங்களே, கழட்டிப் போடறப்ப மட்டும் தொட்டுப் பாத்தா என்னவாம்?” என்று அக்கா புருஷனைத்தான் ஏசினாள்.

“துவைக்கறவங்க பாக்கணும்.”

“பட்டறையைத் தூக்கிப் பையில வெச்சிட்டு என்னைப் பாக்கச் சொன்னா?”

சாவியை வெயிலில் வைக்கலாம் என்றால் வெயில் இல்லை. அடுப்புப் பக்கத்தில் வைத்தார்கள், அரிசிக்குள் புதைத்தார்கள். செருகினால் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்து அணைந்தது. விற்ற கம்பெனிக்கு மாமா போன் போட்டார். எதிர்முனையில் ஆள் இருந்தது. மாமா மனசு ஆறுகிற வரை திட்டினார். அந்த ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நனைந்த சாவிக்கு உத்தரவாதம் கிடையாது, புதுசாகத்தான் வாங்க வேண்டும், வர ஒரு மாதமாகும் என்றான்.

மாமா படிக்கட்டில் உட்கார்ந்தார். அவள் உட்காருகிற இடத்துக்கு இரண்டு படி கீழே.

“அந்த முதலாளி இல்லாத சரக்கு,” என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு, “அதுல இந்தத் தடுப்புப் பெட்டி வருமா?”

சரி என்று அவர் சொல்லவே இல்லை. அவள் இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். பெரியத்தானின் நாற்காலி காலியாக இருந்தது. யாரும் அதைத் தரவில்லை, யாரும் எழுந்திரு என்றும் சொல்லவில்லை.

தடுப்பு எளிதாக வந்துவிடவில்லை. நீளப் பட்டையிலும் குறுக்குப் பட்டையிலும் பாதி ஆழத்துக்கு வெட்டி, ஒன்றில் ஒன்றைக் கோக்க வேண்டும். முதல் மாதிரி கோக்கும்போதே கிழிந்தது. இரண்டாவது, உள்ளே போனது, பெட்டி மூட மறுத்தது. பெட்டிக்குக் கம்பிப் பின் அடிக்கிற பெண்கள் மேசையைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். “ஈரத்துல அட்டை மாசமா இருக்கு, அதுக்கு இடம் விட வேணாமா?” என்றாள் ஒருத்தி. அவள் சொன்னது சரிதான். எவ்வளவு இடம் என்பதுதான் தெரியவில்லை.

அந்தச் சாப்ட்வேரை எழுதுகிறவர்கள் கூடிப் பேசுகிற இடம் ஒன்று இணையத்தில் இருந்தது. சின்னவள் தன் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டு வைத்தாள். மரங்கொத்தி என்ற புனைபெயரில் ஒருவர் பதில் எழுதினார். ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று தெரியாது. கையால் ஒரு படம் வரைந்து அனுப்பியிருந்தார்: வெட்டின் வாயை மட்டும் கொஞ்சம் அகலமாக்கி, உள்ளே போகப் போக இறுக்குங்கள், ஈரக் காலத்துக்குத் தடிமனைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். கோக்கிறவர்களுக்கு விரல் நோகாமல் இருக்கும் என்று கடைசியில் ஒரு வரி. கோக்கிறவர்களின் விரலைப் பற்றி இந்தக் கட்டடத்தில் யாரும் பேசி அவள் கேட்டதில்லை.

அதை வைத்து அவள் ஒரு சின்ன நிரலை எழுதினாள். பெட்டியின் அளவு, அட்டையின் தடிமன், எத்தனை கட்டம் என்று கொடுத்தால் தடுப்பின் படம் தானாக வந்துவிடும். எழுதியதை எல்லோருக்குமாக அங்கேயே போட்டாள். யாரோ இரண்டு வரி திருத்தினார்கள். அடுத்த தடவை சாப்ட்வேரைத் திறந்தபோது, எழுதியவர்களின் பெயர்கள் வரும் முகப்பில், நீண்ட வரிசையின் அடியில் அவள் வைத்துக்கொண்டிருந்த புனைபெயரும் இருந்தது. திரையை அணைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. பூட்டிய அறைக்குள் எங்கிருந்தோ காற்று வந்தால் எந்தப் பக்கத்திலிருந்து என்று தேடுவோமே, அது மாதிரி இருந்தது.

பல்புக்காரர் மாதிரியைப் பார்க்க நேரில் வந்தார். பெட்டியைக் குலுக்கினார், கீழே போட்டார், திறந்தார். விளக்கு உடையவில்லை. ஒரு அளவை மாற்றச் சொன்னார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் வெட்டும் மேசை புது மாதிரியை வெட்டித் தந்தது.

“இவ்வளவு வேகமா எப்படிங்க? என்ன சாப்ட்வேர்?”

பெரியத்தான் வாயைத் திறந்தார், மூடினார். சும்மா கிடைத்தது என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். இரவல் சட்டை போட்டுக்கொண்டு விருந்துக்கு வந்தவனிடம் சட்டை எங்கே எடுத்தது என்று கேட்டால் வருகிற கூச்சம்.

“எங்க சொந்தம்,” என்றார். “வீட்டுலயே பண்ணினது. எங்க தம்பி சம்சாரம்தான் எழுதிச்சு.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மாமா பார்த்த பார்வையில் இருந்தது பெருமைதான், அவளுக்குத் தெரிந்தது. பொய்யென்று தெரிந்தும் அந்தப் பெருமை அவள் மேல் பட்டு ஒரு கணம் சூடாக இருந்தது. அந்தக் கணத்துக்காகவே பின்னால் தன்மேல் எரிச்சல் வந்தது.

பல்புக்காரர் போனார், அடுத்த நாளே பேசினார். அவர்களுக்கு இன்னும் இரண்டு ஆலை இருக்கிறதாம். அங்கேயும் இந்தச் சாப்ட்வேரை விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். மூன்று ஆலைக்கும் பெட்டி இங்கேயிருந்தே போகும். பெரிய அலுவலகத்திலிருந்து ஆட்கள் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார்கள்.

வீட்டில் முதல்முறையாகச் சாப்பிட உட்காரும்போது அவளுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தார்கள்.

“திறந்தவுடனே ஒரு பேர்ப் பட்டியல் வருதே,” என்றார் பெரியத்தான், “அதை எடுத்துட்டு நம்ம கம்பெனிப் பேரைப் போட்டுடு. பெட்டியில போடற நம்ம சக்கர முத்திரையும்.”

“அது கூடாது அத்தான்.”

“ஏன், வராதா?”

“வரும். செய்யக்கூடாது. இதை வெச்சுப் பெட்டி பண்ணலாம், விக்கலாம். சாப்ட்வேரையே கூட விக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. எழுதினவங்க பேரை எடுக்கக்கூடாது, திறந்திருக்கறதை மூடக்கூடாது. அவங்க கேக்கறது அது மட்டும்தான்.”

“சும்மா குடுத்தவனுக்கு என்ன கேள்வி?” என்றார் மாமா. “இந்த அட்டையை நாமளா செய்யறோம்? காகிதம் எவனோ செய்யறான், பசை எவனோ காய்ச்சறான். பெட்டிக்கு அடியில நம்ம முத்திரைதானே போடறோம்? அவனுங்க பேரையா போடறோம்?”

கீழே இயந்திரம் நான்கைந்து முறை இறங்கியது.

“காகிதத்தை வாங்கிட்டு, நாமளே மரம் நட்டோம்னு சொல்ல மாட்டோமே மாமா.”

மாமாவின் வாய் சிரிக்கப் பார்த்தது. பெரியத்தான் விடவில்லை. “புதுச் சாவிக்குச் சொல்லி வெச்சிருக்கேன். நீ இதைச் செஞ்சா வேண்டாம்னு சொல்லிடலாம். கண்ணாடி வெச்சு உனக்குத் தனி ரூமு, சம்பளம், எல்லாம் பேசியாச்சு. செய்யாட்டி பழைய சாப்ட்வேரே போதும். நீ மேலயே இருந்துக்கலாம்.”

வெங்காயம் உரித்துக்கொண்டே அக்கா கேட்டாள், “அந்தப் பட்டியல்ல நீயும் இருக்கியா?”

“கடைசியில.”

“சொந்தப் பேரா?”

“இல்ல. மாடிப்படின்னு வெச்சிருக்கேன்.”

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “உலகத்துல வேற பேரே கிடைக்கலையா உனக்கு?”

“அப்ப அங்கதானே உக்காந்திருந்தேன்.”

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். “சொல்றேன்னு தப்பா நினைக்காத. பேரு போனாப் போகுது, இடம் கிடைக்குதுல்ல? நான் இந்த வீட்டுக்கு வந்து எனக்குக் கிடைச்ச இடம் இந்த அடுப்பு மேடைதான். இதுலயும் பாதியை உனக்குக் குடுத்திட்டேன். அவங்களா ஒரு நாற்காலியைக் குடுக்கறப்ப வாங்கிக்கோ.”

“வாங்கிக்கிட்டா அதுலேர்ந்து எழுந்திரிக்கவே முடியாதுக்கா. வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நான்தான் பண்ணினேன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். சந்தேகம்னா யாரையும் போய்க் கேக்க முடியாது. எந்த மூஞ்சியோட கேக்கறது?”

“மூஞ்சியா? அவங்க உன் மூஞ்சியைப் பாத்திருக்காங்களா?”

“இல்ல.”

“பின்ன?”

பார்க்காதவர்கள் என்பதால்தான் என்று தோன்றியது. பார்த்துக்கொண்டே இருக்கிறவர்களிடம் நேர்மையாக இருப்பதற்குப் பயம் போதும். அக்காவிடம் இதைச் சொன்னால் இன்னொரு வெங்காயத்தைத்தான் கையில் கொடுப்பாள்.

கணவன் வியாழக்கிழமை காலையில், மழையில் மொட்டைமாடித் துணியை எடுக்க உதவுகிற சாக்கில் வந்தான். பட்டறையில் பெட்டிக்குப் பின் அடிக்கிற பகுதியைப் பார்த்துக்கொள்கிறவன். அண்ணன் எதிரில் நிமிர்ந்து பேசியதில்லை. அவளிடம் அதட்டிப் பேசியதுமில்லை.

“ஒரு நாளைக்குத்தானே,” என்றான். “அவங்க வந்து பாத்திட்டுப் போகட்டும். அப்புறம் அந்தப் பேரையெல்லாம் திரும்பப் போட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது?”

“விக்கப்போறது பேரு இல்லாததைத்தானே?”

அவன் ஈரத் துணியை மடித்தான். ஈரத்தை யாராவது மடிப்பார்களா? அவன் மடித்தான்.

“எனக்குப் புரியுது. ஆனா ஆர்டர் கை நழுவிப் போச்சுன்னா பின் அடிக்கற பொம்பளைங்க பாதிப் பேரு வீட்டுக்குப் போகணும். அப்பா உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாரு. என்னைத்தான் பாப்பாரு. பாத்துக்கிட்டே இருப்பாரு.”

“பெட்டி நல்லா இருக்குன்னுதானே ஆர்டர் தர்றாங்க? சும்மா கிடைச்சதுன்னு உண்மையைச் சொன்னா பெட்டி கெட்டுப்போயிடுமா?”

“சொல்லிப் பாக்கலாம்... அண்ணன் சொல்ல விடணுமே.”

அவனைத் திட்ட அவளுக்கு வரவில்லை. இருவரும் ஒரே படிக்கட்டில் மாட்டிக்கொண்டவர்கள். அவன் அங்கேயே பிறந்தவன், அதனால் அது படிக்கட்டு என்றே அவனுக்குத் தெரியவில்லை. நீரில் நனைந்த சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் இறங்கினாள். அந்தப் பெண்களை நினைத்தாள். ‘அட்டை மாசமா இருக்கு’ என்றவளை நினைத்தாள். தன் பிடிவாதத்தால் அவள் வீட்டுக்குப் போக நேர்ந்தால்? அந்தக் கேள்வி வெள்ளிக்கிழமை வரை அவளோடு சாப்பிட்டது, அவளோடு படுத்தது. பதில் கிடைக்காவிட்டாலும் வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறது.

காலையிலேயே பட்டறையைக் கூட்டிவிட்டிருந்தார்கள். ஜன்னல் இடுக்கின் சாக்குகளை உருவி எறிந்திருந்தார்கள். பெரியத்தான் புதுச் சட்டையோடு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். கார் தெருமுனை திரும்பியாயிற்று என்று கணவன் வந்து சொன்னான். அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகப்பு திறந்திருந்தது. பெயர்கள் அப்படியே இருந்தன: சில முழுப் பெயர்கள், சில விளையாட்டுப் பெயர்கள், நடுவில் மரங்கொத்தி.

மாமா வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துத் தோள்களை இறுக்கி வைத்திருந்தாள். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த வீட்டில் அவர் அவளுக்குச் சமமான உயரத்தில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. திரையைப் பார்த்தார். சரியாகப் படிக்கத் தெரியாத ஆங்கிலப் பெயர்களில் ஒன்றிரண்டை எழுத்துக்கூட்டிப் பார்த்தார்.

“இன்னும் எடுக்கலையா?”

“இல்ல மாமா.”

“எடுக்க எத்தனை நேரமாகும்?”

“ஒரு நிமிஷம் கூட ஆகாது.”

வெளியே கார்க் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பெரியத்தானின் குரல் வரவேற்றது, தேவைக்கு மேல் சத்தமாக. மாமா குரலைத் தாழ்த்தினார்.

“உன்கிட்ட இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்லம்மா. இப்பக் கேக்கறேன். இதை மட்டும் எனக்காகப் பண்ணு.”

அவர் கை மேசை மேல் இருந்தது. பசை படிந்து காய்ந்து நகத்தோரங்கள் வெள்ளையாகிப்போன கை. அவளுக்கு அந்தக் கையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் சொன்னது உண்மைதான் என்று நினைத்தாள். கேட்டதே இல்லை. வந்த நாள் முதல் சொல்லியிருக்கிறார்கள். சொல்லக்கூடத் தேவையில்லாமல் பல காரியங்கள் அவள் மேல் வந்து உட்கார்ந்திருக்கின்றன. கீழே போ, மேலே வா, கூடமாட இரு. அவற்றுக்கெல்லாம் பதில் என்று ஒன்று வேண்டியிருக்கவில்லை. இன்றைக்குத்தான் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். கேட்டால்தான், இல்லை என்று சொல்ல ஒரு இடம் உண்டாகிறது.

அவள் சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மாட்டேன் மாமா,” என்றாள்.